தூசு தின்ற உயிர்களுக்குக் கணக்கேடு எங்கே?

கல்லுக்கு நார் உண்டா? உண்டு. மலையைப் பிளந்தால் பாறை இடுக்கிலே பஞ்சு போல, பட்டு போல, இழை இழையாக வரும் ஒரு பொருள். நெருப்பிலே போட்டால் எரியாது. மழையிலே போட்டால் மட்காது. நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், சிமெண்ட்டோடு குழைத்துத் தகடாக வார்க்கலாம். கல்நார் என்பது அதன் தமிழ்ப் பெயர். ஊரிலே போய்க் கேட்டால் ‘ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்’ என்றால்தான் தெரியும். ஓலைக் குடிசையிலே இருந்தவன் ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டு, ஓட்டுக்கும் கைமரத்துக்கும் காசு போதாமல், கடைசியிலே ஷீட் போட்டுக் குடியேறுகிறானே, அந்த ஷீட்தான். கோழிப் பண்ணைக்கும் அதுதான், பட்டறைக் கொட்டகைக்கும் அதுதான்.

அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவரைப் பயமுறுத்துவதல்ல நமது நோக்கம். உடையாமல், அறுபடாமல், சிமெண்ட்டுக்குள்ளே கட்டுண்டு கிடக்கும் வரையிலே அந்த நார் காற்றிலே அதிகமாகக் கலப்பதில்லை. நாம் கேட்பது வேறு. அந்த நாரை மூட்டையிலிருந்து கொட்டியவன் யார்? தகட்டை ரம்பத்தால் அறுத்தவன் யார்? துளை போட்டவன் யார்? பழைய ஷீட்டை உடைத்துக் கூடையிலே அள்ளி லாரியில் ஏற்றிய பெண் யார்? அவர்கள் நெஞ்சுக்குள்ளே போனது என்ன? 30 ஆண்டு கழித்து அவர்கள் இருமி இருமிச் சாகும்போது, இன்னதனால் செத்தார் என்று எந்த ஏட்டிலே எழுதப்படுகிறது?

இந்த நாருக்கு ஒரு குணம் உண்டு. இடித்தால் மண் போலப் பொடியாகி ஓய்ந்துவிடுவதில்லை. நீளவாக்கிலே பிளந்துகொண்டே போகும். ஒன்று பத்தாகும், பத்து நூறாகும், கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் காற்றிலே மிதக்கும். மூச்சோடு உள்ளே போகும் ஊசி நுரையீரலின் ஆழத்திலே போய்த் தைக்கிறது. வெளியிலிருந்து வரும் தூசை விழுங்கி அப்புறப்படுத்துவதற்கென்றே நம் உடம்பிலே காவல் அணுக்கள் இருக்கின்றன. ஆனால் நீளமான ஊசியோ காவல் அணுவையும் மிஞ்சி நிற்கிறது! விழுங்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அந்த அணு மடிகிறது. அடுத்தது வருகிறது, அதற்கும் அதே கதி. ஆண்டுக்கணக்கிலே நடக்கும் இந்தப் போரிலே நுரையீரல் தழும்பேறி இறுகினால் ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ என்கிறார்கள் மருத்துவர்கள். நுரையீரலிலே புற்றும் வரலாம். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலே புற்று தோன்றினால் அதற்கு ‘மீசோதீலியோமா’ என்று பெயர். இந்தக் கடைசி நோயைக் கல்நார் போடும் கையெழுத்து என்றே சொல்லலாம். மற்றக் காரணங்களால் அது வருவது மிக அரிது.

இன்னொரு குணம், பொறுமை. இன்று போன தூசு நாளைக்குக் கொல்லாது. 20 ஆண்டு, 30 ஆண்டு, சிலருக்கு 40 ஆண்டுக்கு மேலும் உள்ளே காத்துக் கிடக்கும். இயந்திரத்திலே கை சிக்கினால் இரத்தம் தெரிகிறது. வழக்குப் போடலாம், நட்டஈடு கேட்கலாம். தூசு சிந்தும் இரத்தத்திற்குச் சாட்சி எங்கே? நோய் வெளிப்படும் போது மேஸ்திரி மாறியிருப்பார், மேனேஜர் ஓய்வு பெற்றிருப்பார், கம்பெனியே பெயர் மாறியிருக்கும். அந்த இடைவெளிதான் முதலாளிமார்களின் கோட்டை. அந்தக் கோட்டையைத் தகர்த்தது பீரங்கியல்ல, பெயர்ப் பட்டியல்.

கதை பிரிட்டனிலே தொடங்குகிறது. தொழிற்சாலைகளை மேற்பார்க்கும் ஆய்வாளர் பதவிக்குப் பெண்கள் சிலர் புதிதாக அமர்த்தப்பட்டிருந்த காலம். லூசி டீன் என்ற அம்மையார் 1898ஆம் ஆண்டின் அறிக்கையிலே கல்நார்த் தூசைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கியிலே வைத்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லுகளைப் போலக் கூரிய முனைகள் தெரிகின்றன, காற்றிலே அது மிதக்கும் இடங்களிலெல்லாம் கேடு விளைகிறது என்று எச்சரித்தார். அறிக்கை அச்சாயிற்று, அலமாரிக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனைக்கு ஒரு தொழிலாளி மூச்சு முட்ட வந்து சேர்ந்தார். கல்நார் ஆலையிலே 14 ஆண்டு உழைத்தவர், வயது 33. அவர் மருத்துவரிடம் சொன்ன செய்தி இது: தன்னோடு ஒரே அறையிலே வேலை செய்த 10 பேரிலே மற்றவர்கள் எல்லாம் செத்துவிட்டார்கள், தான் ஒருவரே மிச்சம். 1900இல் அவரும் போய்ச் சேர்ந்தார். மருத்துவர் மாண்டேகு மர்ரே இதை 1906இல் அரசாங்கக் குழுவின் முன் சாட்சியமாகச் சொன்னார். கவனியுங்கள், தோழர்களே! கல்நார்ச் சாவுக்கு முதற் கணக்கு எழுதியவர் மருத்துவருமல்லர், அதிகாரியுமல்லர். பக்கத்துத் தறியிலே நின்றவன் இன்று வரவில்லையே என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி!

ராச்டேல் என்பது இங்கிலாந்தின் வடபகுதியிலே உள்ள ஆலை நகரம். அங்கே நெல்லி கெர்ஷா என்று ஒரு பெண். 12 வயதிலே ஆலைக்குள் போனார். கல்நாரை நூலாக்கும் வேலை. டர்னர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனியின் ஆலையிலே உழைத்து, 1922இல் எழுந்து நடக்கவும் இயலாமல் வேலையை விட்டார். மருத்துவர் ‘கல்நார் நஞ்சு’ என்று சான்று எழுதினார். சான்றைக் கொண்டுபோய்க் காட்டினால், தொழிலால் வந்த நோய்க்கு நாங்கள் உதவித் தொகை தரமாட்டோம், கம்பெனியைக் கேள் என்றது நோய்க் காப்புச் சங்கம். கம்பெனியைக் கேட்டால், அப்படி ஒரு நோயே சட்டத்தில் இல்லை, நாங்கள் பொறுப்பல்ல என்றது. இரண்டு கதவுக்கும் நடுவிலே நின்று 1924 மார்ச் 14இல் அந்தப் பெண் இறந்தார். வயது 33. அடக்கச் செலவுக்காவது ஏதேனும் கொடுங்கள் என்று கேட்டபோது, கொடுத்தால் அதுவே முன்மாதிரியாகிவிடும் என்று கம்பெனி மறுத்தது. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லாமல் புதைத்தார்கள். கல்லையே நூலாக நூற்றவளுக்குத் தலைமாட்டிலே ஒரு கல் இல்லை!

அவர் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், அங்கே தைத்திருந்த கூரிய துகள்களைக் கண்டு அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழிலே எழுதினார். அரசாங்கம் விழித்துக்கொள்ள மேலும் 6 ஆண்டு ஆயிற்று. மெரிவெதர் என்ற மருத்துவ ஆய்வாளர் கல்நார் ஆலைத் தொழிலாளர் 363 பேரைச் சோதித்து 1930இல் அறிக்கை தந்தார். நான்கில் ஒரு பங்குக்கு மேல், 95 பேருக்கு நுரையீரல் இறுகியிருந்தது. 20 ஆண்டுக்கு மேல் உழைத்தவர்களிலோ 5 பேருக்கு 4 பேர் வீதம் நோயாளிகள். 1931இல் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஆலைக்குள்ளே சில பிரிவுகளுக்கு மட்டும்தான். கொதிகலனுக்கும் கப்பல் குழாய்களுக்கும் கல்நாரைச் சுற்றிப் பூசியவன், கட்டடத்திலே அதை அறுத்தவன், இவர்கள் எல்லாம் விதிக்கு வெளியே நின்றார்கள். எண்ணப்பட்டவனுக்கே சட்டம் வந்தது. எண்ணப்படாதவனுக்குத் தூசு வந்தது.

அதுவரை பேசப்பட்டது நுரையீரல் இறுகும் நோய். 1935இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்பெஸ்டோசிஸ் நோயாளிகளின் பிணச் சோதனையிலே நுரையீரல் புற்று காணப்படுவதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அதே 1935இல் வேறொரு கடிதமும் எழுதப்பட்டது. அமெரிக்காவிலே கல்நார்த் தொழிலுக்கென்று ஒரு பத்திரிகை. அதன் ஆசிரியர், நோயைப் பற்றி ஏதாவது வெளியிடலாமா என்று கம்பெனிக்காரர்களைக் கேட்டார். பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார், வெளியிடலாமா என்று! ரேபெஸ்டாஸ் கம்பெனித் தலைவர் சம்னர் சிம்ப்சன், ஜான்ஸ் மேன்வில் கம்பெனியின் சட்ட அதிகாரிக்கு எழுதினார்: கல்நாரைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது. இந்தக் கடிதக் கட்டு 1970களிலே வழக்கு மன்றத்துக்கு வந்தபோதுதான் உலகம் படித்தது. நடுவிலே 40 ஆண்டு. தூசு உள்ளே காத்திருந்த காலமும் கடிதம் பெட்டியிலே காத்திருந்த காலமும் ஏறக்குறைய ஒன்று.

புற்றுநோய்க்கு முறையான கணக்கு 1955இல் வந்தது. ரிச்சர்டு டால் என்ற புகழ்பெற்ற ஆய்வாளர் ராச்டேல் ஆலையிலே தூசு மிகுந்த பிரிவுகளில் 20 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்த 113 ஆண்களின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தார். பொதுமக்களிடையே உள்ள அளவின்படி அவர்களிலே நுரையீரல் புற்றால் ஒருவர்கூட முழுதாகச் சாகக் கூடாது, 0.8 என்பது எதிர்பார்ப்பு. செத்தவர்களோ 11 பேர். இந்தக் கட்டுரை வெளிவராமல் தடுக்கக் கம்பெனி முயன்றது என்பதும் பின்னாளிலே வெளியாயிற்று.

1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னர் என்பவரும் தோழர்களும் எழுதினார்கள். மீசோதீலியோமா கண்ட 33 பேர். ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் கிம்பர்லிக்கு மேற்கே உள்ள நீலக் கல்நார் மலைகளோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. எல்லாரும் சுரங்கக் கூலிகளல்லர். அந்த வட்டாரத்திலே பிறந்ததும், சிறுவயதிலே வளர்ந்ததுமே சிலருக்குக் குற்றமாகப் போயிற்று.

அமெரிக்காவிலே நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி அது. நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரிலே இர்விங் செலிக்காஃப் என்ற மருத்துவர். அங்கிருந்த கல்நார் ஆலைத் தொழிலாளர்கள் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மருத்துவருக்கு ஐயம். எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரிந்தால்தானே விகிதம் தெரியும்? கம்பெனியிடம் கேட்டார், ஏடு கிடைக்கவில்லை. பிறகு அவர் போன இடம் தொழிற்சங்க அலுவலகம். கட்டடங்களுக்கும் குழாய்களுக்கும் வெப்பக் காப்புப் போடும் தொழிலாளர்களின் சங்கம். அங்கே யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எப்போது சந்தா நின்றது, எப்போது இறந்தார், எல்லாம் ஏட்டிலே இருந்தது. சந்தாவுக்காக எழுதிய ஏடு, ஈமச் சடங்கு நிதிக்காக எழுதிய ஏடு! 1942இன் முடிவிலே பட்டியலில் இருந்த 632 பேரை எடுத்துக்கொண்டு, 1943 முதல் 1962 வரை என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்று வந்து இறந்தவர்கள் 45 பேர். எதிர்பார்க்கப்பட்டது 6.6. இது 1964இல் அச்சேறியது. அமெரிக்கக் கல்நார் வாணிபத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது அன்று முதல்தான். வழக்குக்கு மேல் வழக்கு வந்து, ஜான்ஸ் மேன்வில் என்ற மாபெரும் கம்பெனி 1982இல் திவால் மனுக் கொடுத்தது.

சங்கத்துச் செயலாளர் ஒழுங்காக எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இவ்வளவும் செய்தது.

“பீடி சிகரெட் பிடித்திருப்பான், அதனால் வந்திருக்கும்” என்பது தொழிலாளி சாகும்போதெல்லாம் எழும் பேச்சு. அதற்கும் செலிக்காஃப் குழுவினர் விடை தேடினார்கள். 1979இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இரண்டும் இல்லாதவனைவிடக் கல்நார் வேலை மட்டும் செய்தவனுக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவனுக்கு 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு 53 மடங்கு. கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. ஆகவே தொழிலாளி புகையை விட வேண்டும் என்பது உண்மை. அவன் புகைத்தான் என்பதற்காகத் தூசு விடுதலையாகிவிடாது என்பது அதைவிட உண்மை. மீசோதீலியோமாவுக்கோ புகை காரணமே அன்று.

வீட்டிலே இருந்த பெண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1965இல் லண்டன் மருத்துவமனை ஒன்றின் ஏடுகளிலிருந்து மீசோதீலியோமா நோயாளிகள் 76 பேரின் வரலாறு ஆராயப்பட்டது. அவர்களிலே 9 பேர் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. வீட்டில் ஒருவர் கல்நார் ஆலையிலே வேலை பார்த்தவர். பெரும்பாலும் மனைவிமார்கள். கணவன் அணிந்து வந்த சட்டையை உதறினார்கள், துவைத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த வேலை. சம்பளமும் இல்லை, பதிவும் இல்லை. மேலும் 11 பேர் ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்ததைத் தவிர வேறொரு பாவமும் அறியாதவர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உலகம் என்ன செய்தது? வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்று விளைவிப்பதே என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரிட்டன் 1999இல் கல்நாரைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003 முடிவிலே, ஐரோப்பிய ஒன்றியம் 2005இல், தென்னாப்பிரிக்கா 2008இல். கனடா நாட்டின் கதை வேடிக்கையானது. தன் நாட்டுக் கட்டடங்களிலிருந்து கல்நாரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டே, சுரங்கத்திலிருந்து வெட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிக் கொண்டிருந்தது! 2018இல்தான் முழுத் தடை. ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றே பெயர் தாங்கிய கியூபெக் மாநிலத்து ஊர்கூட 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பிரேசில் நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. அங்கே கோயாஸ் மாநிலம் 2019இல் ஏற்றுமதிக்கு மட்டும் வெட்டலாம் என்று சட்டம் செய்துகொண்டது. வாங்குபவர்களிலே முன்னே நிற்பது யார்? நாம்தான். பிரேசில்காரன் கூரைக்கு ஆகாதது நம் கூரைக்கு ஆகுமாம்!

2005 முடிவிலே கிளமென்சோ என்ற பிரெஞ்சுப் போர்க் கப்பலை உடைப்பதற்காகக் குஜராத் கடற்கரைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஏராளமான கல்நார் இருக்கிறது என்று உலகமே எதிர்த்துக் குரல் எழுப்ப, 2006 பிப்ரவரி மாதத்திலே பிரெஞ்சு அரசு கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பிறகு இங்கிலாந்திலே உடைத்தார்கள். கப்பலோடு வரும் கல்நாருக்கு அவ்வளவு கூச்சல். மூட்டையிலே வரும் கல்நாருக்குச் சுங்கச் சாவடியிலே கதவு திறந்தே இருக்கிறது.

நமது நாட்டிலே கல்நார்ச் சுரங்கங்கள் ஓய்ந்துவிட்டன. ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவுக்கு அருகே ரோரோ மலையிலே 1983இல் கைவிட்ட சுரங்கத்தின் கழிவுக் குவியலை மலைச்சரிவிலே அப்படியே விட்டுப் போனார்கள். வெட்டுவது நின்றது, வாங்குவது நிற்கவில்லை. கல்நாரை அபாயப் பொருள் பட்டியலிலே சேர்க்கலாமா என்று ராட்டர்டாம் உடன்படிக்கை மாநாட்டிலே கேட்டபோது, 2011இல் இந்தியப் பிரதிநிதிகள் சரி என்றார்கள். 2013இல் கூடாது என்றார்கள். இரண்டாண்டிலே கல்நார் குணம் மாறிவிட்டதா? பட்டியலிலே சேர்ப்பது தடைகூட அன்று. இன்ன பொருள் வருகிறது, இன்ன கேடு உண்டு என்று வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் பெறு என்பதுதான். அதையும் வேண்டாம் என்றார்கள்.

‘கட்டுப்பாட்டோடு கையாண்டால் கேடில்லை’ என்பது அவர்கள் வாதம். ஆலைக்குள்ளே தூசு உறிஞ்சும் இயந்திரம் இருக்கலாம், நனைத்துக் கையாளலாம், ஒப்புக்கொள்வோம். ஆலையை விட்டு வந்த ஷீட்டை வேலூரிலும் விருதுநகரிலும் அறுக்கும் ஆசாரிக்கு எந்தக் கட்டுப்பாடு? அவர் வாயிலே கட்டியிருப்பது தோளிலே கிடந்த துண்டு. கல்நாரின்றி, செல்லுலோஸ் இழையும் பிற செயற்கை இழையும் கலந்து சிமெண்ட் தகடு செய்யும் வழி இருக்கிறது. தடை செய்த நாடுகளிலே மக்கள் கூரையில்லாமலா இருக்கிறார்கள்?

“இந்தியாவிலே கல்நாரால் செத்தவன் எத்தனை பேர், காட்டு” என்பது அடுத்த கேள்வி. இதற்குத்தான் இவ்வளவு வரலாறும் சொன்னேன். காட்டுவதற்கு ஏடு வேண்டும். 1995 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏட்டை வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்திருக்கிறது. அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். கல்நார்த் தொழிலிலே உள்ள ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார்கள். நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாய் நட்டஈடு என்றும் சொன்னார்கள்.

1995இல் 20 வயதிலே சேர்ந்த ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஏடு 2035 வரை இருந்தாக வேண்டும். அப்போது அவனுக்கு 60 வயது. நோய் கதவைத் தட்டும் வயது அதுவே. நீதிபதிகள் விவரம் தெரிந்துதான் 40 என்று எழுதினார்கள். ஆனால் ஒப்பந்தக்காரன் அழைத்து வந்த கூலிக்கு ஏடு உண்டா? ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, எட்டு மாதம் மூட்டை பிரித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போனவனுக்கு? சில மாதங்களே கல்நாரோடு வேலை செய்தவர்களிடமும் நெடுநாள் கழித்துப் புற்று மிகுந்திருந்ததைப் பேட்டர்சன் ஆலைக் கணக்கு காட்டியிருக்கிறது. எட்டு மாதம் என்பது சிறு காலமன்று. அவன் கிராமத்திலே இருமிச் செத்தால் காசநோய் என்பார்கள், பீடி என்பார்கள், வயதாகிவிட்டது என்பார்கள்.

கல்நாருக்கு மட்டுமா இது? கருங்கல் குவாரி, கிரஷர், கிரானைட் அறுக்கும் கொட்டகை, மணலைப் பீய்ச்சி இரும்பைத் துடைக்கும் பட்டறை, எல்லா இடத்திலும் பறப்பது சிலிகாத் தூசு. 1997இலேயே அதையும் நுரையீரல் புற்று விளைவிப்பது என்று உறுதி செய்துவிட்டார்கள். சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களின் நுரையீரல் கெடுவதைக் கண்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நம்முடைய கிரஷரிலே கல் அள்ளும் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

தடை வர வேண்டும், அதற்குப் போராடுவோம். அதுவரையிலே ஷீட் ஆலைகளின் வாயிலிலே கூட்டம் போடும் சங்கத் தோழர்கள் போனஸ் கேட்கும்போதே இதையும் கேட்கட்டும்: 1995 தீர்ப்பின்படி வைத்திருக்கும் ஏடு எங்கே? அதிலே ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் உண்டா? வேலையை விட்டுப் போனவரை மீண்டும் அழைத்து எக்ஸ்ரே எடுத்தது எப்போது? அந்தப் படத்தின் நகல் ஏன் தொழிலாளியின் கையிலே இல்லை? ஆலை காட்ட மறுத்தால், சங்கத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், ஊர், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. ஓய்வு பெற்ற முதியவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு நினைவிருக்கும்.